ஆர்.எக்ஸ். 100 இழுக்கவில்லையா? சைலன்சரில் கை வைக்கும் முன் கிளட்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு நம் ஊரில் மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ, அது நின்ற பிறகு பிறந்த பையன்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். மேக்ஸ் 100, ராஜ்தூத், யெஸ்டி என்று மூலையில் கிடந்தவையெல்லாம் பெயின்ட் பூசி வெளியே வருகின்றன. வரட்டும். ஆனால் "அண்ணாச்சி, வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்கு" என்று சொன்னவுடன் சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் பஃபிளை உருவுவது, சிலிண்டரின் வாயான போர்ட்டை அரைப்பது, பெரிய கார்புரேட்டர் மாட்டுவது என்று ஆரம்பிக்கிற வழக்கம் சரியில்லை. இழுவை குறைந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு எஞ்சினுக்குள் இல்லை. கிளட்ச் ஸ்லிப் அடிக்கும் (பிளேட் வழுக்கும்), இல்லை என்றால் எங்கேயாவது காற்று இழுக்கும், அதுவும் இல்லை என்றால் கார்புரேட்டர் செட்டிங் மாறியிருக்கும். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் பணம் வீண்.

கிளட்சை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஸ்லிப் அடிக்கிற கிளட்சை வைத்துக்கொண்டு எஞ்சினை டியூன் செய்யவே முடியாது. நீங்கள் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றிப் பார்க்கும்போது கூடிய சக்தி பிளேட்டிலேயே வழுக்கிப் போய்விடும். மாற்றம் நல்லதா கெட்டதா என்று தெரியாது. கண்டுபிடிப்பது சுலபம். டாப் கியரில் 40 வேகத்தில் போய்க்கொண்டே ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருப்புங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் கூடப் போதும், போக்குவரத்து இல்லாத அதிகாலையாக இருந்தால். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி அதே வேகத்தில் போனால் ஸ்லிப். சத்தமும் ஏறாமல், வேகமும் ஏறாமல் 'கொர்' என்று அடைத்துக்கொண்டால் கிளட்சை விட்டுவிடலாம். கோளாறு கார்புரேட்டரிலோ சைலன்சர் கரியிலோ இருக்கிறது. இதற்கு நேர்மாறான கோளாறு, கிளட்சைப் பிடித்தாலும் விடாதது: முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது, லிவரைப் பிடித்திருக்கும்போதே வண்டி மெல்ல நகரும்.

செட்டிங்கை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். சூட்டில் வைத்த பிளே (லிவரின் ஆட்டம்) மறுநாள் காலையில் வேறாக இருக்கும். முதலில் கேபிளைப் பாருங்கள். உள்கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான்; எண்ணெய் விட்டு ஓட்டும் வேலை வேண்டாம். ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பும்போது கேபிள் இறுகக் கூடாது. பிறகு ஹேண்டில் பக்கத்து அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே முறுக்கிவிடுங்கள். பலர் இதை வெளியே இழுத்து வைத்தே செட்டிங் முடிக்கிறார்கள், அப்புறம் வழியில் தேவைப்படும்போது அதில் திருப்ப இடமே இருக்காது.

அடுத்தது பலரும் தொடாத இடம். ஆர்.எக்ஸ். 100-ல் கேபிள் எஞ்சினின் இடப்பக்கம் வந்து, புஷ் ஸ்க்ரூவைத் திருப்பி, கியர் ஷாப்டின் நடுவே போகும் புஷ் ராடைத் தள்ளி, வலப்பக்கத்தில் இருக்கும் பிரஷர் பிளேட்டைத் தூக்குகிறது. இடப்பக்கம் உள்ள அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல உள்ளே திருப்பினால் ஒரு இடத்தில் ராடைத் தொட்டு லேசாக நிற்கும். அங்கே அழுத்தாதீர்கள். அந்த இடத்திலிருந்து கால் சுற்று பின்னால் எடுத்து, ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இந்தக் கால் சுற்று இல்லாவிட்டால் ராட் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே லிவரில் எவ்வளவு பிளே வைத்தாலும் பிளேட் எரியும். இதை முடித்த பிறகுதான் கேபிள் அட்ஜஸ்டர். லிவரின் அடியில், ஹோல்டருக்கும் லிவருக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். லிவர் நுனியில் பார்த்தால் 10 - 15 மி.மீ. ஆட்டம். வண்டி ஓடிச் சூடானதும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். சில எஞ்சின்களில் இந்த ஸ்க்ரூ பிரஷர் பிளேட்டின் நடுவிலேயே இருக்கும், கிளட்ச் கவரைக் கழற்றித்தான் தொட முடியும். யமஹாவின் பழைய 195 சிசி டூ-ஸ்ட்ரோக் ஏ.டி.வி. (கரடுமுரடான வழியில் ஓடும் நாலு சக்கர வண்டி) அந்த ரகம். அதில் தள்ளும் கையில் உள்ள குறி கிராங்க் கேஸ் குறியோடு சேருகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். எப்படியானாலும் விதி ஒன்றே: உள்ளே முதலில், கேபிள் கடைசியில்.

இவ்வளவு செய்தும் ஸ்லிப் நிற்கவில்லை என்றால் பிரிக்க வேண்டும். கியர் ஆயிலை வடித்து, வலப்பக்கக் கவரின் ஸ்க்ரூக்களை இம்பாக்ட் டிரைவரால் அடித்துத் தளர்த்துங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை மழுங்கும், அப்புறம் உளி வைத்து வெட்டுகிற கதைதான். ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பிளேட்டின் தடிமனைக் காலிபரில் பாருங்கள்: புதிதில் 3 மி.மீ. இருக்கும் பிளேட் 2.7-க்கு வந்துவிட்டால் செட்டோடு மாற்ற வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் மாற்றுவது வீண்வேலை. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள், 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் வளைந்திருக்கிறது. நீலம் பாரித்திருந்தாலும் தூரப் போடுங்கள். ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தால் போதும், குறைந்திருந்தால் நாலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளேட்டுகள் உட்காரும் கிளட்ச் டப்பாவின் விரல்களில் பிளேட் காது அடித்து வெட்டு விழுந்திருக்கும். லேசான வெட்டை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் பிளேட் அதில் மாட்டிக்கொண்டு கிளட்ச் விடாது.

ஸ்பிரிங்கின் அடியில் வாஷர் போட்டு இறுக்குகிற வித்தை நம் பக்கத்தில் பிரபலம். ஸ்லிப் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் லிவர் கல் மாதிரி ஆகிவிடும், கேபிள் அடிக்கடி அறும், புஷ் ஸ்க்ரூவின் மரை தேயும். கடைசியில் பிளேட் செட்டைவிட அதிகச் செலவு.

புதிய பிளேட்டுகளைக் கியர் ஆயிலில் ஒரு இரவு ஊறப் போடுங்கள். காய்ந்த பிளேட்டைப் போட்டுக் கிளப்பினால் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். பூட்டும்போது புஷ் ராடுக்கு இடையே உள்ள சின்ன எஃகுக் குண்டை மறக்காதீர்கள். பிரிக்கும்போது கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டிருக்கும். அது இல்லாமல் பூட்டினால் கேபிளை எவ்வளவு இழுத்தாலும் கிளட்ச் விடாது, மறுபடி முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான்.

ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்த வண்டிகளின் கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடுவது. காருக்கு விற்கும், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று போட்டிருக்கிற எஞ்சின் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும். அதை ஊற்றினால் புது பிளேட்டும் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மழையில் ஓட்டிய பிறகு வடித்த ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மூடி வாஷரையும் கவர் பேக்கிங்கையும் பாருங்கள்.

இனி காற்றுக் கசிவு. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பம்ப் வேலை செய்கிறது. அதில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் மிக்ஸிங் லீன் ஆகும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடும்), பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடிக்கும். அறிகுறி: ஆக்சிலரேட்டரை விட்டாலும் ஐடிலுக்கு இறங்காமல் எஞ்சின் அலறிக்கொண்டே நிற்கும். முதலில் கார்புரேட்டருக்கும் ரீட் வால்வுக்கும் இடையே உள்ள ரப்பரை வளைத்துப் பாருங்கள். நம் வெயிலுக்கு அது வெடித்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம். ரீட் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி உடைந்திருந்தாலோ, மூடிய நிலையில் இடைவெளி தெரிந்தாலோ மாற்றுங்கள்.

அதற்கு அடுத்தது கிராங்க் ஆயில் சீல்கள். இடது, மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும். எஞ்சின் லீனாகிச் சுடும். வலது, கிளட்ச் பக்கத்து சீல் போனால் காற்றுக்குப் பதில் கியர் ஆயிலை இழுக்கும். வெள்ளைப்புகை கொட்டும், பிளக் நனையும், கியர் ஆயில் அளவு மட்டும் எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வரும். இந்தப் புகையைப் பார்த்து 2டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் எஞ்சின் ஆயில்) பம்பைக் குறைத்துவைத்து பிஸ்டனைப் பிடிக்கவிட்டவர்கள் உண்டு. சந்தேகம் தீர ஒரே வழி பிரஷர் சோதனை. இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் வைத்து அடைத்து, 6 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் ஏற்றி, ஐந்தாறு நிமிஷம் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்புத் தண்ணீர் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் காற்று ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். பஞ்சர் கடைக் கம்பிரசரை அப்படியே செருகாதீர்கள்.

இந்த இரண்டும் சரியான பிறகே கார்புரேட்டர். யார் என்ன சொன்னாலும், எந்தத் திருப்பு எந்த வேலையைச் செய்கிறது என்று தெரியாமல் ஸ்க்ரூவைத் திருகக் கூடாது. ஆக்சிலரேட்டர் மூடிய நிலையிலிருந்து கால் திருப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். காலிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். கோளாறு எந்தத் திருப்பில் வருகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் தொடுங்கள்.

எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, ஐடிலைக் கொஞ்சம் ஏற்றிவையுங்கள். ஏர் ஸ்க்ரூவை மெல்ல உட்காரும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து அரைக்கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, எஞ்சின் வேகம் எங்கே அதிகமோ அங்கே நிறுத்தி, ஐடிலை 1300 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். இது காற்றுக்கான ஸ்க்ரூ. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் குறையும். ஸ்க்ரூ முழுக்க மூடினால்தான் எஞ்சின் அணையாமல் ஐடிலில் ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால்தான் நன்றாக இருக்கிறது என்றால் அந்த ஜெட் பெரிது. ஜெட்டை எஃகுக் கம்பியால் குத்துவது ஜெட்டைப் பெரிதாக்கும் வேலை. வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையும் காற்றும் போதும். ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே போட்டால் ஊசி மேலே வந்து பெட்ரோல் கூடும். மேலே போட்டால் குறையும்.

மெயின் ஜெட்டுக்குப் பிளக்கைத்தான் கேட்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில் டாப் கியரில் முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணைத்து ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். ஐடிலில் ஓடிவந்த பிளக் முழு வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பிஸ்கட் நிறம் நல்லது. வெள்ளையாகவோ, பீங்கானில் மணி மணியாகவோ இருந்தால் உடனே ஜெட்டை ஏற்றுங்கள். ஈரக் கறுப்பு என்றால் இறக்கலாம், அவசரமில்லை. பிளக் வாய் 0.6 முதல் 0.7 மி.மீ. பிளக் மாற்றும்போது ஒரு குழப்பம் வரும்: என்.ஜி.கே.யில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி, மைக்கோ - பாஷில் எண் இறங்கினால் குளிர்ச்சி. எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் நேர்மாறானது கிடைக்கும்.

இப்போது பம்பில் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. சுத்த பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் தேவையான காற்று சுமார் 8 சதவீதம் குறைகிறது. ஆனால் 1990-களின் ஜெட் பழைய அளவில்தான் விடும். விளைவு, முழுத் திருப்பில் எஞ்சின் லீனாக ஓடும். மெயின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து 5 சதவீதம் மேலே, அதாவது 100 இருந்தால் 105 போட்டு மறுபடி பிளக்கைப் பாருங்கள். பழைய பெட்ரோல் டியூபும் ஃப்ளோட் ஊசி ரப்பரும் எத்தனாலில் ஊதும், அவற்றையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை டேங்க்கோடு வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் தண்ணீர் அடியில் தங்கும். நிறுத்துவதானால் டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் குழாயை (காக்) மூடி, கார்புரேட்டரை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

மாஞ்சோலை, காரையார் பக்கம் ஏறும்போது வண்டி அடைத்துக்கொண்டால் ஜெட்டைக் கழற்றாதீர்கள். உயரத்தில் காற்று மெலிது, பெட்ரோல் கூடியதாகத் தெரியும். கீழே வந்ததும் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் கவனம். ஆக்சிலரேட்டரை மூடி எஞ்சின் பிரேக்கில் இறங்கினால் சிலிண்டருக்கு 2டி ஆயில் போவது மிகக் குறைவு. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுங்கள். திசையன்விளை, குட்டம் தேரிப் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, காய்ந்ததும் எண்ணெய் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். அந்தச் செம்மண் தூள் ரிங்கைத் தின்றுவிடும். ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓட்டுவதை ஸ்டைல் என்கிறார்கள்; சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்யும் லேத் பட்டறைக்கு லாபம்.

2டி ஆயில்: பம்ப் இல்லாத டி.வி.எஸ். மொபெட்டுக்கு லிட்டருக்கு 20 மி.லி. போதும். "கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்று இரண்டு மடங்கு ஊற்றுகிறவர்கள், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து மிக்ஸிங் லீனாகிறது என்பதை மறக்கிறார்கள். பம்ப் உள்ள வண்டியில் ஆயில் டேங்க் ஒருமுறை வறண்டுவிட்டால், நிரப்பினால் மட்டும் போதாது. பம்பில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நின்று சுத்த ஆயில் வரும் வரை விட்டு மூடுங்கள். அதுவரை டேங்க்கில் ஒரு லிட்டருக்கு 20 மி.லி. கலந்தே ஓட்டுங்கள். ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. இருந்தால் புகையும் கரியும் குறைவு.

பஃபிள் விஷயத்துக்கு வருகிறேன். டூ-ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் குழாய் இல்லை. வெளியேறும் புகையோடு ஓடிவந்த புதிய மிக்ஸிங்கை, குழாயின் கூம்பிலிருந்து திரும்பும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. பஃபிளை உருவினால் பின் அழுத்தம் மாறி, நடு வேகத்தில் இழுவை குறையும், சத்தம் மட்டும் வேகமாகப் போகிற மாதிரி ஏமாற்றும். இதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உருவ வேண்டியது சுத்தம் செய்யத்தான். ஸ்க்ரூவைக் கழற்றி பஃபிளை இழுத்து, ஊதுவிளக்கால் சுட்டுக் கரியைத் தட்டி, திருப்பிப் போடுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டில் படிந்த கரியை, பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்தால் பிஸ்டனில் கீறல் விழும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இழுவை இல்லை, கிக்கரை அமுக்கினால் எதிர்ப்பே இல்லை என்றால் போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருக்கிறது. ஆர்.எக்ஸ். 100-க்கு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று கிடைக்கும். நேராக 1.00-க்குத் தாவச் சொல்லும் பட்டறையை நம்ப வேண்டாம். அதற்கு மேல் அந்த பிளாக்குக்கு வாழ்வில்லை. பிஸ்டனை வாங்கி, கையில் கொடுத்து, அதை அளந்து போர் அடிக்கச் சொல்லுங்கள். ரிங்கைப் போருக்குள் தள்ளி வாய் இடைவெளி 0.15 முதல் 0.35 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். லாக் கிளிப் பழையதைப் போடாதீர்கள்.

15 வருஷம் தாண்டி ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 31.3.2000-க்கு முன் தயாரித்த இரு சக்கர வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. மேலே சொன்னபடி செட்டிங் வைத்த டூ-ஸ்ட்ரோக் இந்த அளவுக்குள் வரும். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். குளிர்ந்த எஞ்சினோடு, சோக் மூடியபடி போய் நின்றால் எந்த வண்டியும் தேறாது.

இப்படிக்கு,
டூ-ஸ்ட்ரோக் வண்டி மெக்கானிக்,
பேட்டை, திருநெல்வேலி.